காயைப் பார்த்தபின் குழம்பு: சந்தையிலிருந்து தொடங்கும் வீட்டுச் சமையல்

புதிதாகச் சமைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு செய்முறையைப் பார்க்கிறார்கள், அதிலுள்ள காய்களைச் சீட்டில் எழுதிக்கொள்கிறார்கள், அப்புறம் கடை கடையாகத் தேடுகிறார்கள். கார்த்திகை மழையில் முருங்கைக்காய் சாம்பாருக்கு ஆசைப்பட்டால் விலையும் உச்சத்தில் இருக்கும், காயும் சதையில்லாமல் நாராக இருக்கும். எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் அந்தச் சாம்பார் மணக்காது. அதே காய் சித்திரையில் சதைப்பற்றோடு, கட்டுக்கட்டாக, மலிவாகக் கிடைக்கும். அப்போது உப்பும் புளியும் போட்டு வேகவைத்தாலே வாசனை தெருவுக்கு வரும்.

அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் சந்தை, அடுத்து காய், கடைசியில்தான் குழம்பு. இதற்கு நூறு செய்முறை தெரிய வேண்டியதில்லை. எந்தக் காய் கிடைத்தாலும் ஏற்றுக்கொள்கிற நாலு சமையல் கைவந்தால் போதும்: கூட்டு, புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, துவையல். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்தவர்கள் இந்த நாலையும் வைத்துக்கொண்டுதான் வருடம் முழுவதும் சலிக்காமல் சோறு போட்டார்கள். காய்தான் மாறிக்கொண்டே இருந்தது.

தமிழ்நாட்டுச் சந்தையையும் தமிழ் மாதங்களையும் வைத்தே இதை எழுதுகிறேன். வேறு ஊரில் இருந்தால் மாதக் கணக்கு மாறும், முறை மாறாது.

சந்தைக்கு முன்னால் அலமாரி

காயைத் தவிர மற்றதெல்லாம் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். அப்போதுதான் சந்தையில் எது நன்றாக இருக்கிறதோ அதைத் தயங்காமல் வாங்க முடியும். துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உளுத்தம்பருப்பு, புளி, காய்ந்த மிளகாய், சீரகம், மிளகு, வெந்தயம், கடுகு, பெருங்காயம், மஞ்சள்தூள், மல்லித்தூள், வீட்டில் அரைத்த குழம்புத்தூள், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். இவற்றோடு ஒரு முழுத் தேங்காயும், காற்றாடத் தொங்கும் ஒரு கூடை சின்ன வெங்காயமும் பூண்டும். இவ்வளவுதான். குழம்புத்தூளை மட்டும் அதிகமாக அரைத்து வைக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் போனால் மல்லியின் மணம் குறைந்துவிடும்.

சந்தையில் முதல் சுற்று

பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவரே அடையாள அட்டையோடு வந்து, இடைத்தரகர் இல்லாமல் விற்கிற ஏற்பாடு அது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பலகை பெரிய உதவி, பேரம் பேசத் தெரியவில்லையே என்ற கூச்சம் வேண்டியதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. சுற்று வட்டாரத்தில் விளைவதே பெரும்பாலும் அங்கு வருவதால், சந்தையைச் சுற்றி வந்தாலே உங்கள் ஊரின் பருவம் தெரிந்துவிடும்.

காலை ஆறரை, ஏழுக்குள் போய்விடுங்கள். கீரை விஷயத்தில் ஒன்பது மணிக்கும் ஏழு மணிக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். உழவர் சந்தை இல்லாத ஊரில் வாரச்சந்தை இருக்கும். அதுவும் இல்லையென்றால் தள்ளுவண்டி அண்ணனும் கூடையில் கீரை கொண்டுவரும் அம்மாவும் இருப்பார்கள். சென்னையில் கோயம்பேடு வரை போனால் விலை குறையும்தான், ஆனால் இரண்டு பேர் சாப்பிடும் வீட்டுக்கு மூட்டைக் கணக்கில் வாங்கி வந்து வாடவிடுவதில் பயனில்லை.

போனதும் வாங்காதீர்கள். பையை மடித்தபடியே ஒரு முழுச் சுற்று வாருங்கள். ஒரே காய் வரிசையாக ஏழெட்டுக் கடையில் குவிந்திருந்து, போன வாரத்தைவிட விலையும் இறங்கியிருந்தால் அதுதான் இந்த வாரத்துக் காய். ஒரு மூலையில் மட்டும், விலை கூடுதலாக, கொஞ்சமே இருந்தால் ஒன்று அதன் பருவம் இப்போதுதான் தொடங்குகிறது, அல்லது முடிகிறது. பார்த்தாலே தெரியும். தொடக்கத்தில் வருவது பிஞ்சாக இருக்கும், கடைசியில் வருவது முற்றலாக இருக்கும்.

அப்புறம் பேச்சுக் கொடுங்கள். "அக்கா, இன்னைக்குக் காலையில பறிச்சது எது?" என்று கேட்டால் பெரும்பாலும் நேர்மையான பதில் வரும். "நீங்க வீட்டுல இதை என்ன பண்ணுவீங்க?" என்று இரண்டாவதாகக் கேட்டால் எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லாத ஒரு செய்முறை கிடைக்கும். விற்கிறவருக்கே அந்தக் காயைப் பற்றி அதிகம் தெரியும். ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்குங்கள். நாலாவது வாரம் அவரே "அதை எடுக்காதீங்க, இதை எடுங்க" என்பார். கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கொசுறாக வந்து விழும்.

அளவு? இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு ஒன்றரை கிலோ காயும் இரண்டு கட்டுக் கீரையும் தாராளம். வாரத்துக்கு ஒருமுறை பெரிதாக வாங்குவதைவிட இரண்டுமுறை சிறிதாக வாங்குவதே நல்லது.

கையில் எடுத்துப் பார்ப்பது

நல்ல காயைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் சுமாராகச் சமைத்தாலும் சாப்பாடு நன்றாக வரும். அதனால் இதற்கு நேரம் கொடுங்கள்.

கத்திரிக்காய் கையில் எடுத்தால் அதன் அளவுக்குக் கனம் குறைவாக இருக்க வேண்டும். கனத்தால் உள்ளே விதை முற்றியிருக்கிறது என்று அர்த்தம். தோல் பளபளப்பாக, காம்பு பச்சையாக, ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் கத்திரிக்காய் வேறு என்பதையும் கவனியுங்கள். வேலூர்ப் பக்கம் முள் கத்திரி கிடைத்தால் விடாதீர்கள், எண்ணெயில் வதக்கினால் குழைந்து வெண்ணெயாக உருகும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதைக் கடைக்காரர்கள் விரும்ப மாட்டார்கள், அது நியாயம்தான். ஒடிக்காமலே கண்டுபிடிக்கலாம்: விரல் நீளத்துக்குள், அமுக்கினால் லேசாக அமுங்குகிற, மேலே மெல்லிய பூனைமுடி தெரிகிற காயை எடுங்கள். முருங்கைக்காயை இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்குங்கள். வளைந்து கொடுத்தால் பிஞ்சு, விறைத்து நின்றால் முற்றல். விதை புடைத்துத் தெரியாமல், அதே சமயம் விரல் பருமன் இருந்தால் சாம்பாருக்குச் சரியான காய். பீர்க்கங்காயும் சுரைக்காயும் நகம் பதிந்தால் இளசு. புடலங்காய் விறைப்பாக இருக்க வேண்டும், துவண்டிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. அவரைக்காயில் உள்ளே விதை தெரியாமல் தட்டையாக இருப்பது பொரியலுக்கு. விதை புடைத்திருந்தால் அதைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கிழங்குகளுக்குச் சட்டம் தலைகீழ். சேனையும் கருணையும் புதிதாகத் தோண்டியதைவிட சில வாரம் கிடந்து ஈரம் வற்றியதே மேல், நாக்கு அரிப்பும் குறையும். "பழைய கிழங்கா?" என்று கேட்டே வாங்குங்கள். கீரையில் வேரைப் பாருங்கள். வேரில் ஈரமண் ஒட்டியிருந்தால் காலையில் பிடுங்கியது. இலையில் தண்ணீர் சொட்டுவதை நம்ப வேண்டாம், அது அரை மணிக்கு ஒருமுறை தெளிக்கப்படுவது. இலையில் அங்கங்கே பூச்சி கடித்த ஓட்டை இருந்தால் ஒதுக்காதீர்கள்.

வாங்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கீரை, ஒரு நீர்க்காய் (சுரை, புடலை, பூசணி, பீர்க்கு மாதிரி), ஒரு கெட்டிக்காய் (அவரை, கத்திரி, வாழைக்காய் மாதிரி), ஒரு கிழங்கு. இந்த நாலும் பையில் இருந்தால் மூன்று நாள் சமையலுக்கு யோசிக்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும்

காயைக் கழுவி அடுக்காதீர்கள். ஈரம் பட்டால் சீக்கிரம் அழுகும், சமைக்கும் முன் கழுவினால் போதும். கீரையின் வேரை வெட்டி, அழுகல் இலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பழுத்த வாழையும் தக்காளியும் மாம்பழமும் கீரைக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. அவை வெளிவிடுகிற எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

சமைக்கும் வரிசை கெடும் வரிசைதான். வாங்கிய அன்று கீரை. அடுத்த நாள் வெண்டை, பீர்க்கு, புடலை. மூன்றாம் நாள் கத்திரி, அவரை. வாழைக்காய், பரங்கி, கிழங்கு எல்லாம் காத்திருக்கும்.

முதல் பாடம்: பொரிச்ச கூட்டு

சமையலே தெரியாத ஒருவர் முதலில் எதைக் கற்க வேண்டும் என்று கேட்டால் நான் தயங்காமல் கூட்டு என்பேன். பருப்பு, காய், தேங்காய் மூன்றும் ஒரே பாத்திரத்தில். சோற்றில் பிசைந்தும் சாப்பிடலாம், சப்பாத்திக்கும் தொட்டுக்கொள்ளலாம், உடம்பு சரியில்லாதவருக்கும் கொடுக்கலாம். அலுத்து வீடு திரும்பிய இரவில் சூடான சோறும் நெய்யும் ஒரு கரண்டிக் கூட்டும் கொடுக்கிற ஆறுதலை எந்த விருந்தும் கொடுக்காது.

நாலு பேருக்கு அரை கப் பாசிப்பருப்பு (100 கிராம்), நறுக்கிய காய் இரண்டரை கப் (சுமார் 400 கிராம்). பருப்பை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை மட்டும் லேசாக வறுங்கள், சிவக்க வேண்டாம். கழுவி, ஒன்றரை கப் தண்ணீரும் கால் ஸ்பூன் மஞ்சள்தூளும் சேர்த்துத் திறந்த பாத்திரத்திலேயே வேகவையுங்கள். குக்கர் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பருப்பு எந்த நேரத்தில் என்ன ஆகிறது என்று பார்த்துப் பழகினால்தான் பின்னால் கண்ணளவில் சமைக்க வரும். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பாருங்கள். உடைய வேண்டும், ஆனால் இன்னும் கரையக்கூடாது. அதுதான் காய் போடும் நேரம்.

நீர்க்காயாக இருந்தால் மேற்கொண்டு தண்ணீர் ஊற்றவே வேண்டாம், காயே விட்டுக்கொள்ளும். அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு போன்றவற்றுக்கு அரை கப் ஊற்றலாம். காய் பாதி வெந்ததும் உப்பு. அதற்குள் நாலு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல், ஒரு ஸ்பூன் சீரகம், அரை ஸ்பூன் மிளகு, எண்ணெயில் சிவக்க வறுத்த ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துவிடுங்கள். காய் வெந்ததும் இதை ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் கொதித்ததும் இறக்க வேண்டும். தேங்காய் அதிகம் கொதித்தால் எண்ணெய் பிரிந்து கூட்டின் மணம் போய்விடும். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

இப்போது காயை மாற்றிப் பாருங்கள். பரங்கிக்காய் என்றால் மிளகுக்குப் பதில் இரண்டு காய்ந்த மிளகாய், இனிப்புக்கு அதுதான் பொருந்தும். கீரை என்றால் பருப்பு முக்கால் வெந்தபின் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள், பச்சை நிறம் நிற்கும். முட்டைக்கோஸ் என்றால் அதிகம் வேகவிடாதீர்கள், ஒரு கெட்ட வாடை எழும்பும். வாழைத்தண்டை நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. அந்தப் புளிப்புத்தான் நிறம் மாறாமல் தடுக்கிறது. நறுக்கும்போது விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி எடுப்பது கொஞ்சம் பொறுமையான வேலைதான், பரவாயில்லை.

ஒரு மாதம் இந்த ஒன்றையே வெவ்வேறு காயில் செய்யுங்கள். எந்தக் காய் எவ்வளவு நேரத்தில் வேகும் என்ற கணக்கு கைக்குள் வந்துவிடும். மற்றச் சமையல் எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்குத்தான் அஸ்திவாரம்.

இரண்டாவது: புளிக்குழம்பு

எலுமிச்சை அளவு புளியை (25 முதல் 30 கிராம்) இரண்டரை கப் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ நாலு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய். அலுமினியம் வேண்டாம், புளி அதை அரிக்கும். கடுகு, கால் ஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை, பதினைந்து இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு. வெந்தயம் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும், ஆகவே தீ குறைவாகவே இருக்கட்டும். வெங்காயம் சுருண்டதும் காயைப் போட்டு எண்ணெயிலேயே நன்றாக வதக்கி, இரண்டரை ஸ்பூன் குழம்புத்தூள் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, உடனே புளிக்கரைசலை ஊற்றுங்கள். உப்பு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை விடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆகும். இறக்கும்போது சுண்டைக்காய் அளவு வெல்லம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. புளி சேர்ந்தபின் மொச்சையோ கிழங்கோ பருப்போ மெதுவாகத்தான் வேகும், சில நேரம் வேகாமலே நின்றுவிடும். புளிப்பு அவற்றை இறுக்கிவிடுகிறது. எனவே மொச்சை, சேனை, சிறுகிழங்கு எல்லாவற்றையும் முன்பே வேகவைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கத்திரியும் வெண்டையும் எண்ணெயில் வதங்கினாலே போதும்.

காலையில் வைத்த குழம்பு இரவில் இன்னும் நன்றாக இருக்கும். மீந்ததை மறுநாள் சிறுதீயில் சுண்ட வைத்துப் பழைய சோற்றோடு சாப்பிடலாம்.

வெயிலுக்கு மோர்க்குழம்பு

ஒரு ஸ்பூன் துவரம்பருப்பும் ஒரு ஸ்பூன் பச்சரிசியும் அரை மணி ஊறவைத்து, மூன்று டேபிள்ஸ்பூன் தேங்காய், மூன்று பச்சைமிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், சிறுதுண்டு இஞ்சியோடு அரையுங்கள். அரை லிட்டர் புளித்த தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து, அரைத்ததையும் மஞ்சள்தூளையும் உப்பையும் கலந்து, தனியே வேகவைத்த வெண்பூசணி அல்லது வெள்ளரி அல்லது வதக்கிய வெண்டைக்காயோடு சேர்த்து அடுப்பில் வையுங்கள். கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் நுரை கூடி மேலே எழும்பும்போது இறக்கிவிடுங்கள். கொதித்தால் திரியும். அரிசியும் பருப்பும் சேர்ப்பதே தயிர் திரியாமல் பிடித்துக்கொள்ளத்தான்.

துவையல்

இது வீணாகாமல் காப்பது. பீர்க்கங்காயின் தோல், சௌசௌ தோல், கொத்தமல்லித் தண்டு, பிரண்டை, கைப்பிடி கறிவேப்பிலை, ஏதாவது ஒன்று. இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பும் மூன்று மிளகாயும் எண்ணெயில் சிவக்க வறுத்து, அதே சட்டியில் தோலை வதக்கி, நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காய், உப்போடு கெட்டியாக அரையுங்கள். பிரண்டையை மட்டும் நார் உரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, நிறையவே வதக்க வேண்டும். சரியாக வதங்காவிட்டால் தொண்டை அரிக்கும்.

எந்த மாதத்தில் எது

பங்குனியில் வேப்பம்பூவும் மாவடுவும் வரும். வேப்பம்பூவை நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், நெய்யில் கருக வறுத்து ரசத்தில் போட வருடம் முழுவதும் ஆகும். சித்திரை, வைகாசியில் மாங்காய், முருங்கைக்காய், பலாக்கொட்டை மூன்றும் ஒன்றாகச் சந்தைக்கு வருகின்றன. மூன்றையும் ஒரே சாம்பாரில் போடுங்கள். மாங்காய் புளிப்புக் கொடுப்பதால் புளியைப் பாதியாகக் குறைத்து, பலாக்கொட்டையை முதலில், முருங்கையை நடுவில், மாங்காயைக் கடைசியில் சேர்க்க வேண்டும். கோடைக்கு இதைவிடப் பொருத்தமான சாம்பார் எனக்குத் தெரியாது. முருங்கை மழையில் பூவை உதிர்த்துவிடும் மரம். கோடையில் இவ்வளவு காய்த்து, கார்த்திகை, மார்கழியில் விலை ஏறுவதற்கு அதுதான் காரணம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம் 1 ரகம் விதைத்த ஆறு மாதத்தில் காய்ப்பதால் இப்போது முருங்கை முன்னைவிட அதிகமாகக் கிடைக்கிறது, ஆனாலும் மழைக்கு அதுவும் விலக்கில்லை.

ஆனி, ஆடியில் தக்காளி விலை அடிக்கடி தாறுமாறாகும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி வாரங்களில் தக்காளியைத் தேடி அலையாதீர்கள். போர்த்துக்கீசியர் காலத்துக்கு முன்னால் நம் சமையலில் தக்காளியே கிடையாது. புளி ரசம், எலுமிச்சை ரசம், மோர்க்குழம்பு, மிளகுக்குழம்பு என்று ஒரு மாதத்தை நிம்மதியாகக் கடக்கலாம். ஆடியில் முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் கூழும் சேரும். ஆடிப்பட்டத்தில் விதைத்த வெண்டை, கத்திரி, கொடிக்காய்கள் ஆவணி, புரட்டாசியில் சந்தையை நிறைக்கும். புரட்டாசியில் அசைவம் விடுகிற வீடுகள் அதிகம் என்பதால் காய்க்குக் கிராக்கியும் கூடும், கொஞ்சம் சீக்கிரமே போங்கள்.

மார்கழியும் தையும்தான் என்னைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுச் சமையலின் உச்சம். அவரையும் மொச்சையும் அப்போது குவிவதற்குக் காரணம் பகல்பொழுது. நாட்டு ரகங்கள் ஆடியிலேயே விதைக்கப்பட்டாலும், பகல் குறுகத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். அதனால்தான் எந்த ஊரிலும் பொங்கலை ஒட்டி மொச்சை வந்துவிடுகிறது. பச்சை மொச்சையைத் தோலுரித்து வாங்கினால் விலை கூட. காயாக வாங்கி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து உரியுங்கள். முற்றிய கொட்டையை இரவு ஊறவைத்துக் காலையில் மேல்தோலைப் பிதுக்கி எடுத்தால் அதுதான் பிதுக்குப் பருப்பு. மேலே சொன்ன புளிக்குழம்பில் கத்திரிக்காயோடு அதைப் போட்டுப் பாருங்கள்.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் இதே நாளில் சிறுகிழங்கு வரும். மண் அப்பிய குட்டிக் கிழங்கு. உரிப்பதற்கு அஞ்சி வாங்காமல் விட்டுவிடாதீர்கள். சாக்கில் போட்டு தரையில் நன்றாகத் தேய்த்தால் தோல் பெருமளவு போய்விடும், மீதியைக் கத்தியால் சுரண்டினால் போதும். வேகவைத்துத் தேங்காய் எண்ணெயில் பொரியலாகச் செய்தால் உருளைக்கிழங்கில் இல்லாத ஒரு மண்வாசனை அதில் இருக்கும்.

இந்த எல்லாக் காயும் ஒன்றாகச் சேர்வது திருவாதிரைக்குச் செய்யும் ஏழுகறிக் குழம்பில். களியோடு சாப்பிடுவது வழக்கம், சோற்றுக்கும் தாராளமாக ஆகும். பரங்கி, வெண்பூசணி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், சேனை என்று ஏழு நாட்டுக்காய். கேரட், பீன்ஸ் மாதிரி இங்கிலீஷ் காய் இதில் சேராது. இரண்டு டேபிள்ஸ்பூன் மல்லி, ஒரு டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பு, எட்டு மிளகாய், அரை மூடித் தேங்காய் எல்லாவற்றையும் வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். முக்கால் கப் துவரம்பருப்பைத் தனியே குழைய வேகவையுங்கள். மொச்சையும் சேனையும் முதலில், பத்து நிமிடம் கழித்து வாழைக்காய், அவரை, சர்க்கரைவள்ளி, கடைசியில் பரங்கியும் பூசணியும். எல்லாம் வெந்தபின் ஒரு எலுமிச்சை அளவு புளியின் கரைசல், அரைத்தது, பருப்பு, உப்பு. கூட்டில் பழகிய கணக்கு இங்கேதான் உதவுகிறது. ஏழு காயும் குழையாமல், ஒன்றுகூட வேகாமல் நிற்காமல் இறங்கினால் உங்களுக்குச் சமைக்கத் தெரிந்துவிட்டது.

மழைக்கு முன்னால் வற்றல்

ஐப்பசி, கார்த்திகையில் கீரை சேறாக வரும், வெண்டையும் கத்திரியும் விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கான ஏற்பாட்டை மலிவான நாளிலேயே, வெயில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். கொத்தவரங்காயை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் பாதி வேகவைத்து வடித்து, ஒடித்தால் சடக்கென்று உடையும்வரை காயவையுங்கள். நல்ல வெயிலில் மூன்று நாலு நாள் ஆகும். மணத்தக்காளிக் காயையும் லேசாக நசுக்கிய சுண்டைக்காயையும் உப்புப் போட்ட கெட்டி மோரில் இரவு ஊறவைத்து, பகலில் எடுத்துக் காயவைத்து, மறுபடி அதே மோரில் போட்டு, மோர் முழுக்க உறிஞ்சப்படும்வரை இப்படியே தொடருங்கள். ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் போட்டு மூடினால் ஒரு வருடம் இருக்கும்.

மழைநாளில் ஒரு கைப்பிடி வற்றலை நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வறுத்து, புளிக்குழம்பில் காய்க்குப் பதிலாகச் சேர்த்துக்கொள்ளலாம். வற்றலிலேயே உப்பு இருக்கிறது, அதனால் குழம்புக்கு வழக்கமாகப் போடுவதில் பாதியை மட்டும் போட்டு, கொதித்தபின் ருசி பார்த்து மீதியைச் சேருங்கள்.